ஏழாம் மாதத்து நிலா

அக்கா,

நேற்று மத்தியானம் திருக்கோவிலூரிலிருந்து சம்பந்தியம்மா வந்திருந்தார்கள். கையில் ஒரு மஞ்சள் துணிப்பை. நான் காபி போட உள்ளே போன நேரத்தில் அதைக் கூடத்தில் பிரித்து வைத்திருக்கிறார்கள். அடுப்படி வரைக்கும் வாசனை வந்தது. காய்ந்த தர்ப்பைப் புல். வெயிலில் கிடந்த வைக்கோலும் கோயில் உள்பிரகாரமும் கலந்த மாதிரி ஒரு மணம். பால் பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன், அடுப்பை அணைக்கக் கை போகவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் அந்த மணம் என்னைத் தப்பு செய்தவளாக்கித்தான் நிறுத்துகிறது.

நேற்று சாயங்காலம் சந்திர கிரகணம். நிலா எழும்போதே பிடித்தபடி எழும், அரை மணி நேரத்தில் விட்டுவிடும் என்று காலையிலிருந்து டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்காகத்தான் அந்தம்மா பஸ் ஏறி வந்தது. ஏனென்றால் நம் பூங்கொடி இப்போது ஐந்து மாதம். மசக்கை தாங்காமல் இங்கே வந்து மூன்று வாரமாகிறது. நீ இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லியிருப்பாய்.

காபியை வாங்கிக்கொண்டே சம்பந்தியம்மா சொன்னார்கள்: "நாலு மணிக்கே கதவ சாத்திடுங்க சம்பந்தி. தர்ப்பைய நிலையில சொருகிடுங்க, சோத்துப் பானையிலயும் ரெண்டு போடுங்க. அவ கைல கத்தி, ஊசி ஒண்ணும் குடுக்காதீங்க. ஏற்கெனவே ஒதட்டுல தழும்போட வந்த பொண்ணு. ஒரு தபா பட்டது போதாதா?"

சொல்லும்போது அவர்கள் பார்த்தது பூங்கொடியை இல்லை, என்னை. பூங்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கை தானாக மேலுதட்டுக்குப் போய் அந்தத் தையல் கோட்டை மறைத்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்து போட்டோவுக்கு நிற்கும்போது அப்படித்தான் மறைப்பாள். நீதான் அந்தக் கையை எடுத்துவிட்டு, "நேரா பாருடி" என்பாய். அந்தப் பழக்கம் எப்போதோ போய்விட்டது என்று நினைத்திருந்தேன்.

நான் அடுப்படிக்குத் திரும்பி வந்தேன். அங்கே நின்றபோதுதான் உன்னை நினைத்துக்கொண்டேன்.

நீயும் நானும் ஒரே வீட்டுக்கு வாழ வந்தவர்கள். நீ மூத்தவருக்கு, நான் இளையவருக்கு. வயதில் மூன்று வருஷம்தான் வித்தியாசம். உன் வீட்டுக்காரர் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை ஏறும் பஸ்ஸில் கண்டக்டர். அந்த பஸ்ஸில்தான் உன்னைப் பார்த்தார், யாரையும் கேட்காமல் கட்டிக்கொண்டு வந்தார். மணலூர்பேட்டைப் பக்கத்துக் கரும்புக்காரக் குடும்பத்தில் ஒரு கல்வராயன்மலைப் பெண். அத்தை கடைசிவரை உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ மலைக்காரி" என்பார்கள். நீயும் சளைக்காமல், "இன்னா அத்த?" என்று போய் நிற்பாய். மலை மேல் விடுதியில் தங்கிப் பத்தாவது வரைக்கும் படித்தவள் நீ. அந்த வீட்டில் அவ்வளவு படித்த பெண் வேறு யாரும் இல்லை. அதுவும் அத்தைக்குப் பிடிக்காது.

பூங்கொடி என் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது வந்தது அந்தக் கிரகணம். அன்றைக்குக் கிரகணம் என்று எனக்குத் தெரியாது. மாட்டுக்குப் புல் அறுக்கக் கரும்புக் கொல்லை வரப்புக்குப் போயிருந்தேன். கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பும்போது தென்னந்தோப்புக்கு மேலே நிலா எழுந்து நின்றது. பாதி கறுத்து, மீதி தேய்த்த செம்பு நிறத்தில். நான் நின்று பார்த்தேன். அழகாக இருந்தது அக்கா. அதை உன்னைத் தவிர யாரிடமும் இதுவரைக்கும் சொன்னதில்லை.

தர்ப்பை சொருகிய வீட்டு வாசலில் அத்தை என்னைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்கள். கையில் அரிவாள் வேறு.

இரண்டு மாதம் கழித்துப் பூங்கொடி பிறந்தாள், மேலுதடு மூக்கு வரைக்கும் பிளந்து. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் குழந்தையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். "அருவாள கைல வெச்சிகினு கிரகணத்த பாத்துகினு நின்னா, வேற எப்படிப் பொறக்கும்?" என்று அத்தை ஒவ்வொருவரிடமும் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அம்மா சொன்னதை நம்பினார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நானும் நம்பினேன் என்பதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. குழந்தையால் சப்பிக் குடிக்க முடியாது, பால் வாயோரம் வழிந்துவிடும். நீ அவளை நிமிர்த்தி மடியில் உட்காரவைத்துப் பாலாடையில் சொட்டுச் சொட்டாக ஊற்றுவாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையாலேயே என் பிள்ளையின் வாயைக் கிழித்துவிட்டேன் என்று அழுவேன். ஒருநாள் நீ பாலாடையைக் கீழே வைத்துவிட்டு, "அழுவறத நிறுத்து. நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போறோம். கேட்டுட்டே வருவோம்" என்றாய்.

அந்த டாக்டரம்மா குழந்தையின் வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணம் நல்லா இருக்கு, உதடு மட்டும்தான். எடை ஏறட்டும், நாலஞ்சு மாசத்துல தைச்சிடலாம்" என்று சாதாரணமாகச் சொன்னார்கள். நான் எழுந்துவிட்டேன். நீ எழவில்லை.

"டாக்டரம்மா, இவ கிரகணத்தப் பாத்ததாலதான் இப்படி ஆச்சுன்னு வூட்டுல சொல்றாங்க. நெசமா?"

"எந்த மாசத்துல பாத்தாங்க?"

"ஏழாம் மாசம்."

"மேலுதடு ரெண்டாம் மாசத்துலயே ரெண்டு பக்கமும் வந்து கூடணும். இந்தக் குழந்தைக்கு அப்பவே கூடல. அதுக்கப்புறம் அஞ்சு மாசம் கழிச்சு வந்த கிரகணம் எதைம்மா கிழிக்கும்?"

"அப்ப ஏன் கூடல?"

"பரம்பரையா வரலாம், சத்து கம்மியா இருந்திருக்கலாம். பல நேரம் எங்களுக்கே காரணம் தெரியாது. ஆனா உங்க தங்கச்சி மேல தப்பில்ல."

"அத இந்தச் சீட்டுல எழுதிக் குடுங்க."

டாக்டரம்மா சிரித்தார்கள். பிறகு உன் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரிப்பை நிறுத்தி, ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். பஸ்ஸில் வரும்போது நீ அதை எனக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினாய். ரெண்டாம் மாசம், ஏழாம் மாசம் என்று விரல்விட்டு என்னை எண்ண வைத்தாய். நான் எண்ணினேன். எண்ணி முடித்தபோது, குழந்தை பிறந்த பிறகு முதல் தடவையாக, பசித்தது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று அத்தைக்கு வாசித்துக் காட்டினாய். "எழுதினவளும் பொம்பளதானே. அவளுக்கு இன்னா தெரியும்?" என்றார்கள் அத்தை.

"அவங்களுக்குத் தெரிஞ்சதுல கால்வாசி உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா இந்தப் பொண்ண இப்படி அழ வுட்டிருக்க மாட்டீங்க அத்த."

அதற்கப்புறம் ஒரு மாதம் அத்தை உன்னோடு பேசவில்லை. நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

பூங்கொடிக்குத் தையல் பிரித்த பிறகு என்னையும் அவளையும் மலைக்கு உன் அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். சாமை அறுப்பு முடிந்திருந்த சமயம். அங்கே உன் அம்மாவும் கிரகணத்துக்குப் பயந்து உலக்கையை நிறுத்தி வைக்கிறவர்கள்தான் என்று தெரிந்து எனக்கு ஆச்சரியம். "மலையில இருந்தா மட்டும் பயம் இல்லாம போயிடுமா? நான் புத்தகத்துல படிச்சேன், அப்புறம் என் கண்ணால பாத்தேன். அவ்ளோதான்" என்றாய். எதைப் பார்த்தாய் என்று கேட்டேன். பொழுது சாய்கிற நேரத்தில் கிழக்கே பார்த்த ஒரு பாறைக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தாய்.

வெயில் நம் முதுகுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே சங்கராபுரம் பக்கத்து வயல்கள் எல்லாம் வெளிச்சமாக இருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மலையின் நிழல் அடிவாரத்திலிருந்து புறப்பட்டு, ஏரியைத் தாண்டி, ஊர்களைத் தாண்டி, கிழக்கே போய்க்கொண்டே இருந்தது. நான் அதுவரைக்கும் மலைக்கு நிழல் உண்டு என்று யோசித்ததே இல்லை.

"இப்ப நெலத்தப் பாக்காத. ஆகாசத்தப் பாரு" என்றாய்.

தூரத்தில் வானம் தரையைத் தொடுகிற இடத்தில் சாம்பல் கலந்த நீலமாக ஒரு பட்டை எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே ரோஜா நிறம். மேகமாக்கும் என்றேன்.

"மேகம் இல்ல. அதான் பூமியோட நெழல். மலைக்கு நெழல் இருக்கற மாதிரி நாம உக்காந்துகினு இருக்கற இந்த உருண்டைக்கும் நெழல் இருக்கு. சூரியன் அந்தப் பக்கம் போனா நெழல் இந்தப் பக்கம் எழும்பும். தெனமும் எழும்புது, யாரும் திரும்பிப் பாக்கறதில்ல. அது ஆகாசத்துல நெலா இருக்கற தூரத்தையும் தாண்டிப் போவுது. பௌர்ணமியன்னிக்கு சூரியன் ஒரு பக்கம், நெலா நேர் எதிர்ப் பக்கம், நடுவுல நாம. அன்னிக்கு நெலா இந்த நெழலுக்குள்ள நொழைஞ்சிட்டா அதான் கிரகணம். பாம்பும் இல்ல, கீம்பும் இல்ல. நம்ம நெழல்தான்."

"அப்ப ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வரணுமே?" என்று கேட்டேன். நான் கேட்ட முதல் கேள்வி அது. நீ என் முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்தாய், சந்தோஷத்தில்.

"கேட்டியே! நெலா போற பாதை கொஞ்சம் சாஞ்சிருக்கு. அதனால முக்காவாசி தபா நெழலுக்கு மேலயோ கீழயோ போயிடும். எப்பவாச்சும்தான் நேரா மாட்டும்."

பூங்கொடி என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். உதட்டில் தையல் பிரித்த இடம் காய்ந்துகொண்டிருந்தது. அன்றைக்கு நான் பாறையில் உட்கார்ந்து அழுதேன், ஆனால் அது வேறு அழுகை.

இதெல்லாம் தெரிந்த பிறகும் நான் உன்னோடு நிற்காத நாள் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது.

பூங்கொடிக்கு இரண்டு வயது நடந்தபோது நீ ஆறு மாதம். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. அப்போது இன்னொரு கிரகணம் வந்தது, அதுவும் சாயங்காலத்தில். நீ காலையிலேயே சொல்லிவிட்டாய்: "நான் களத்துல உக்காந்து காய் அரியப் போறேன்." தெருவே சிரித்தது, பிறகு பயந்தது. நிலா எழுகிற நேரத்துக்கு நீ அரிவாள்மனையையும் ஒரு பறங்கிக்காயையும் எடுத்துக்கொண்டு கிளம்பியபோது அத்தை வாசலில் குறுக்கே நின்றார்கள். திட்டுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் அழுதார்கள்.

"உனக்குன்னு வந்தது ஒண்ணுதான்டி. என் மேல இருக்கற கோவத்த அது மேல காட்டாத."

நீ அரிவாள்மனையைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டாய். "உங்க மேல கோவம் இல்ல அத்த. ஆனா நான் இன்னிக்கு உள்ள உக்காந்தா, இவ தப்பு பண்ணான்னு நானும் ஒத்துகினதா ஆயிடும். என் கொழந்தைக்கும் ஏதாவது ஒண்ணு வந்தா வரட்டும். நூத்துல ஒண்ணு ரெண்டுக்கு வரத்தான் செய்யும். அப்பவும் நான் நெலா மேல பழி போட மாட்டேன். என் மேலயும் யாரையும் போட வுட மாட்டேன்."

எனக்காகத்தான் நீ போனாய். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ரெண்டாம் மாசம், ஏழாம் மாசம் எல்லாம் தெரியும். நிழல் என்பதும் தெரியும். ஆனாலும் கால் வரவில்லை. நீ ஒரு தடவை திரும்பிப் பார்த்தாய், கூப்பிடவில்லை.

நான் வெளியே வந்தது தைரியத்தில் இல்லை. பூங்கொடி என் கையை உதறிவிட்டு, "பெம்மா" என்று உன்னிடம் ஓடினாள். அவளைப் பிடிக்க ஓடினேன். ஓடி வந்த பிறகுதான் களத்தின் நடுவில் நிற்கிறேன் என்று தெரிந்தது. தோப்புக்கு மேலே சிவந்த நிலா. நீ பறங்கிக்காயை அரிந்துகொண்டே, "உக்காரு, வந்துட்ட இல்ல" என்றாய். உட்கார்ந்தேன். நிழலென்றால் கறுப்பாகத்தானே இருக்க வேண்டும், ஏன் சிவக்கிறது என்று கேட்டேன்.

"பூமியச் சுத்தி காத்து இருக்கு இல்ல, சூரிய வெளிச்சம் அது வழியா வளைஞ்சி உள்ள போவும். நீலமெல்லாம் வழியிலயே செதறிடும், சிவப்புதான் போய்ச் சேரும். இந்நேரத்துக்கு உலகத்துல எங்கெல்லாம் பொழுது விடியுதோ, எங்கெல்லாம் பொழுது சாயுதோ, அத்தினி சிவப்பும் சேந்து அங்க விழுது. அதப் போய் அசிங்கம்ன்றாங்க."

மூன்று மாதம் கழித்து உன் மகள் பிறந்தாள். ஒரு குறையும் இல்லை. "மலைச்சாமி காப்பாத்திச்சு" என்றார்கள் அத்தை. "சாமியக் கும்பிடுங்க. ஆனா நெலா ஒண்ணும் பண்ணலன்னு ஒத்துக்குங்க" என்றாய் நீ. அவர்கள் கண்மூடும் வரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என் காதுபட அரிவாள் பேச்சை எடுக்கவும் இல்லை.

மார்பில் கட்டி வந்து நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உன் பதினாறாம் நாள் காரியத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்த உறவுக்காரி ஒருத்தி சொன்னாள்: "கிரகணத்தோட வெளையாடினவ ஆச்சே. எத்தினி வருஷம் ஆனாலும் பாம்பு வந்து கேக்காம போவுமா?" நான் அவள் இலைக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். உன் மகள் இரண்டு இலை தள்ளி நின்றாள், அவளுக்கும் கேட்டது. நான் கரண்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டேன் அக்கா. ஒரு வார்த்தை சொல்லவில்லை. உனக்கு நான் செய்த துரோகம் அதுதான். மன்னிப்புக் கேட்க ஆள் இல்லாமல் இரண்டு வருஷமாக அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று அடுப்படியில் நின்றபோது அந்தப் பந்திதான் கண்ணில் நின்றது. இன்றைக்கும் பேசாமல் போனால் என் பெண் அந்தக் கையை வாயிலிருந்து எடுக்கவே மாட்டாள் என்று தோன்றியது. கூடத்துக்கு வந்தேன்.

"சம்பந்தி, ஒரு விஷயம் சொல்லணும். இவளுக்கு ஒதடு கூடாம போனது ரெண்டாம் மாசத்துல. நான் கிரகணத்தப் பாத்தது ஏழாம் மாசத்துல. நான் ஒரு தப்பும் பண்ணல. இத்தினி வருஷமா இத வாய் தொறந்து சொல்லாம இருந்தேன் பாருங்க, அதான் தப்பு."

நிறுத்தாமல் முழுவதும் சொல்லி முடித்தேன்.

"நான் இன்னா சொல்லிட்டேன் இப்ப? பெரியவங்க சொன்னத சொன்னேன். நாளைக்கு எங்க வூட்டுப் புள்ளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?" என்றார்கள் சம்பந்தியம்மா.

பூங்கொடி எழுந்தாள். ஸ்கேன் அடுத்த வாரம்தான். அவளுக்கு வந்தது அவள் குழந்தைக்கும் வரலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். அது தெரிந்துதான் எழுந்தாள்.

"நான் பதில் சொல்றேன் அத்த. எனக்கு வந்த மாதிரி என் கொழந்தைக்கும் வந்தா தைச்சிக்கலாம். நான் நல்லாத்தானே இருக்கேன்? பேசறேன், சாப்பிடறேன், உங்க புள்ள என்னைப் பாத்துப் புடிச்சித்தானே கட்டிகினாரு? வரதப் பாத்துக்கலாம். ஆனா எங்கம்மாவ இனிமே சொல்லாதீங்க."

கை கீழே இருந்தது அக்கா. தழும்பு தெரிய, நேராகப் பார்த்துச் சொன்னாள்.

சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் களத்துக்குப் போனோம். எதிர்வீட்டு ஜன்னல்கள் சாத்தியிருந்தன. முதலில் ஒன்றும் தெரியவில்லை, கிழக்கே மங்கலாக இருந்தது. பிறகு தோப்புக்கு மேலே ஒரு ஓரம் கடித்தெடுத்த மாதிரி நிலா வந்தது. கடித்த இடத்தின் விளிம்பு வளைவாக இருந்தது. அந்த வளைவு பூமியின் உருவம்தான் என்று பூங்கொடிக்குச் சொன்னேன். "தெரியும்மா, பெரியம்மா சொல்லியிருக்காங்க" என்றாள். கையில் ஒரு கொய்யாப்பழத்தைக் கொண்டு வந்திருந்தாள். கத்தியால் நான்காக வெட்டி எனக்கு இரண்டு துண்டு கொடுத்தாள். நிழல் விலகி நிலா முழுதாகும் வரைக்கும் நின்று சாப்பிட்டோம்.

சம்பந்தியம்மா உள்ளேயே இருந்தார்கள். முடிந்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள், எங்களையும் ஊற்றிக்கொள்ளச் சொன்னார்கள். வியர்வையாக இருந்ததால் நாங்களும் ஊற்றிக்கொண்டோம். இன்று காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பூங்கொடியிடம், "ஸ்கேன் எடுத்ததும் எனக்குப் போன் பண்ணு" என்று மட்டும் சொன்னார்கள். கோபமா அக்கறையா என்று முகத்தில் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

நீ எனக்குத் தைரியத்தை விட்டுவிட்டுப் போனாய் என்று சொல்ல ஆசைதான். அது பொய். நேற்று களத்தில் நின்ற அந்த அரை மணி நேரமும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. என் பெண்ணின் வயிற்றைப் பத்து தடவையாவது திரும்பிப் பார்த்திருப்பேன். இவ்வளவும் தெரிந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை, இனிமேலும் போகாது என்றுதான் நினைக்கிறேன். அது எனக்குள் சின்ன வயதிலேயே யாரோ வைத்தது. ஆனால் பயந்துகொண்டே கதவைத் திறக்கலாம், பயந்துகொண்டே வாயையும் திறக்கலாம். அது எனக்கு இப்போது தெரியும். இனி எந்தப் பந்தியில் யார் உன்னைப் பற்றி என்ன சொன்னாலும், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த இலைக்குப் போவேன்.